மஞ்சப்பையைப் பார்த்தால் உட்கார வேண்டும்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எனக்கு ஒரு டிபன் கடை. கடைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் போர்ஷன், மாடியில் வீட்டுக்காரம்மா. கடை, வீடு இரண்டும் அவருடையவைதான். ஆட்டோக்காரர்கள் எங்கள் கடைக்கு அடையாளம் சொல்லும்போது 'கத்துற அக்கா கடை' என்பார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, அவர்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. எனக்குக் குரல் ஜாஸ்தி, பொறுமை கம்மி. சட்னி தீர்ந்துபோனாலும் கத்துவேன், மிஞ்சிப்போனாலும் கத்துவேன். நான் ஆரம்பித்த உடனே என் வீட்டுக்காரர் துணியை எடுத்துக்கொண்டு தன் வேனைத் துடைக்கப் போய்விடுவார். கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் ஓடுகிற வேன்களில் அவருடையதுதான் பளபளவென்று இருக்கும்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் குட்டி வந்து சேர்ந்தது. ஒரு பௌர்ணமி முடிந்த காலையில் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பாக்குமட்டைத் தட்டும் பிஸ்கட் உறையுமாகக் குவித்த குப்பைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டி தலையை நீட்டியது. உடம்பு முழுக்கப் பழுப்பு, நாலு பாதமும் வெள்ளை. "சீ, போ!" என்று கத்தினேன். வாலை ஆட்டியது. இன்னும் பலமாகக் கத்தினேன், இன்னும் வேகமாக ஆட்டியது. என் சத்தத்துக்குப் பயப்படாத ஒரு ஜீவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். உடனே பிடித்துப்போய்விட்டது. நல்ல பெயராக வைக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் 'குட்டி' என்றே நிலைத்துவிட்டது.

வளர வளர அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் பாதையில் நடக்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையைச் சுற்ற வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் மஞ்சப்பை இருக்கும். அர்ச்சனை செய்த தேங்காய் மூடி, வாழைப்பழம், விபூதிப் பொட்டலம் எல்லாம் அதற்குள்தான். அதோடு நாய்களுக்குப் போடுவதற்கென்றே சின்னச் சின்ன பிஸ்கட் பாக்கெட்டுகளும் இருக்கும். நாய் பைரவரின் வாகனம், பௌர்ணமியில் அதற்குப் போட்டால் புண்ணியம். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சிலர் பிஸ்கட்டையே பிரிப்பார்கள். நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவர்கள் பிஸ்கட்டை எடுப்பதற்குள் குட்டி எகிறிப் பைமேல் கால் வைத்துவிடும். அவர்களும் "பாரேன், பைரவருக்கு எவ்ளோ பசி!" என்று சிரித்துக்கொண்டே வாயில் திணிப்பார்கள். ஊர் ஊராக வந்து என் நாய்க்கு இப்படிப் பாடம் எடுத்துவிட்டுப் போனார்கள். மஞ்சப்பை வந்தால் எகிறு, எகிறினால் பிஸ்கட். இதை அது மிக நன்றாகக் கற்றுக்கொண்டது.

எல்லோரும் சிரிப்பதில்லை. சிலர் அலறுவார்கள், சிலர் கல்லைத் தேடுவார்கள். குட்டிக்கு ஒன்றும் புரியாது. நேற்றுச் சிரித்துக்கொண்டு கொடுத்தார்கள், இன்றைக்கு ஏன் கல்லை எடுக்கிறார்கள் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு பௌர்ணமியில் அது வீட்டுக்காரம்மா மேலேயே எகிறிவிட்டது.

அந்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். மகன் உடம்பு தேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தேறியதிலிருந்து மாதம் தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர். பெரிய கோயில் ராஜகோபுரத்தில் கும்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்பினால் இருட்டுகிற நேரத்துக்கு எங்கள் கடையைத் தாண்டுவார். தன் வீடே வழியில் இருந்தாலும் நிற்க மாட்டார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நடுவில் உட்காரக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது என்பது அவர் வேண்டுதல். அன்றைக்குக் குட்டி அவர் பைமேல் பாய்ந்தது. அவர் தடுமாறி, ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தேங்காய் மூடி உருண்டு கூட்டத்தின் காலில் மிதிபட்டது. அர்ச்சனை வாழைப்பழத்தைத் தோலோடு கவ்விக்கொண்டு குட்டி பெஞ்சுக்கு அடியில் பதுங்கியது.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அவர் எழுந்து பையை உதறிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். உட்கார்ந்துவிட்டாரே, சுற்று கெட்டுவிட்டது. மறுபடி கோபுரத்துக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் முடித்துவிட்டு வந்தபோது விடிந்திருந்தது. பாதமெல்லாம் கொப்புளம். நான் வெந்நீர் வைத்துக் கொண்டுபோனேன், வாங்கிக்கொள்ளவில்லை.

"தோ பாரும்மா. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த பௌர்ணமிக்கு அது என் பை மேல கால வெச்சா, அது இங்க இருக்கக் கூடாது. அத்த வுட மனசு வரலன்னா, நீங்களும் காலி பண்ணிக்கங்க" என்றார்.

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நிதானமாகச் சொல்லிவிட்டார். அதோடு நியாயம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ரொம்பச் சுலபமாக ஒரு வழி சொன்னார். "எங்க அண்ணன் நெலத்துல கொண்டுபோய் வுட்டுடலாம். மல்லாட்டக் கொல்லையில ஜாலியா ஓடிக்கினு கெடக்கும்."

"உங்க அண்ணன் வூட்டு வாசல்லயே பஸ் போவுது. உங்க அண்ணன் வளத்த நாயிங்க எல்லாம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

வேனைத் துடைக்கக் கிளம்பிவிட்டார். நான் குட்டியைப் பார்த்தேன். அது என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை விட்டுக் கொடுக்க என்னால் முடியாது, இந்த இடத்தை விட்டால் கடைக்கும் வேறு இடம் கிடையாது. அப்படியானால் ஒரே வழிதான் பாக்கி. இது மாற வேண்டும்.

முதலில் எனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டினேன். எகிறும்போதெல்லாம் கத்தினேன். நான் கத்தினால் அதற்கு விளையாட்டு. நான் "ஏய்!" என்றால் அதுவும் "வவ்!" என்றது. டீ குடிக்க வந்த ஒருவர், "நாயிக்கு இங்கிலீஷ்தாங்கா புரியும். சிட்டுன்னு சொல்லுங்க" என்றார். அடி அண்ணாமலைக் குப்பையில் பிறந்த நாய்க்கு இங்கிலீஷ் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இன்னொருவர் ஒரு குச்சியை ஒடித்து நீட்டினார். "ரெண்டு வெய்ங்க, சரியாப்பூடும்." குச்சியை வாங்கி அடுப்பில் போட்டேன்.

ஊசி போடுவதற்குக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் பெண்ணாக இருக்க வேண்டிய வயது, ஆனால் நல்ல கறார்.

"அடிச்சா உங்களப் பாத்துப் பயப்படும். பையப் பாத்தா பயப்படாது. உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார்.

"பையப் பாத்தா சும்மா இருக்கணும்."

"அப்ப சும்மா இருக்கறதுக்குக் கூலி குடுங்க. எகிறினா கூலி கெடையாது, அவ்ளோதான். கத்தாதீங்க. கத்தறதையும் அது கூலின்னுதான் எடுத்துக்கும்."

வேனில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தார். "இன்னா சிரிப்பு?" என்றேன். "கத்தக் கூடாதாமே. நாய் பாஸ் ஆயிடும்மா, நீ பாஸ் ஆவறதுதான் பேஜாரு" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. செய்துதான் காட்டுகிறேன் பார் என்று வீம்பு வந்தது. போனில் நாய் பழக்குகிற வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். கொஞ்சமாகச் சொல்லிக்கொடு, சட்டென்று கூலி கொடு, அதற்குச் சலிக்கிறதற்கு முன்னால் நிறுத்து. எல்லோரும் சொன்னதை வடிகட்டினால் இவ்வளவுதான். கூலிக்கு இட்லி இருக்கவே இருக்கிறது. மத்தியானம் கடை ஓய்ந்த பிறகு, ஆறிய இட்லியை மணி மணியாகப் பிய்த்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு துண்டைக் குட்டியின் மூக்குக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்தால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியில் "உக்காரு" என்று சொல்லி வாயில் போடுவேன். தூக்கிக் காட்டாமலே, சொன்ன உடனே அது தானாக உட்கார்ந்த மத்தியானம் நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, அதற்கு என் வாய்தான் காரணம். காலையிலிருந்து ராத்திரி வரை கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் "வாங்க, உக்காருங்க, இன்னா சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் குட்டி ஓடிவந்து என் காலடியில் கச்சிதமாக உட்கார்ந்து மேலே பார்த்தது. எனக்குக் கையில் மாவு, கல்லில் தோசை. கூலி கொடுக்க ஏது நேரம்? அது எத்தனை நாளைக்குத்தான் சும்மா உட்காரும்? 'இந்த அம்மா சும்மா சொல்லும், ஒண்ணும் தராது' என்று முடிவு கட்டிவிட்டது. அப்புறம் நான் தொண்டை கிழியச் சொன்னாலும் காதைக்கூட அசைக்கவில்லை. கூலி கொடுக்காமல் வேலை வாங்கினால் நான்கூடத்தான் செய்ய மாட்டேன்.

அதனால் வார்த்தையையே விட்டுவிட்டேன். கைதான். உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே தூக்கினால் உட்கார வேண்டும். கடையில் யாருக்கும் நான் அப்படிக் கை காட்டுவதில்லை. இட்லியும் அதற்கு அலுத்துப்போயிருந்தது, அதைச் சொல்லிக் குற்றமில்லை, வாரம் முழுக்க இட்லி. வீட்டுக்காரரின் அண்ணன் நிலத்து மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உப்பில்லாமல் வறுத்துத் தோலை ஊதி, ஒரு டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். வறுத்த மல்லாட்டைக்காகக் குட்டி எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தது. கையைத் தூக்கினால் உட்கார்ந்தது. கையைத் தூக்கியபடியே பின்னால் நகர்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. நான் குனிந்து தொடையைத் தட்டினால் காதெல்லாம் பறக்க ஓடிவந்தது. இவ்வளவும் ஒரு சத்தம் இல்லாமல். ஆட்டோக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ஒருத்தர் கேட்டார். கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினேன். மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் மஞ்சப்பை இல்லாத இடத்தில். பையைக் கொக்கியில் மாட்டி வைத்தாலே குட்டியின் கண் மாறிவிடும், நான் இருப்பதே மறந்துபோகும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "தூரத்துல இருந்து ஆரம்பிங்க. பையப் பாக்கட்டும், பரவால்ல. பாத்துட்டு உங்கள ஒரு தடவ திரும்பிப் பாக்குது இல்ல, அதுக்குக் கூலி குடுங்க. கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட கொண்டாங்க" என்றார்.

பை நடக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வருகிறவர் சும்மா வந்திருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தார். "இதெல்லாம் எதுக்கு?" என்றேன். "பரீட்சைல வர்ற மாரியே இருந்தாத்தான நாய்க்குப் பழகும்" என்றார். குட்டி விறைத்துப்போய் அவரையே பார்த்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கத்தவில்லை, கூப்பிடவில்லை, கயிற்றை இழுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, நான் இன்னும் இருக்கிறேனா என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, அது என் பக்கம் தலையைத் திருப்பியது. உடனே அதன் வாய் நிறைய மல்லாட்டை போட்டேன். அவர் மறுபடி கோடிக்குப் போய் மறுபடி அரோகரா சொல்லிக்கொண்டு வந்தார். அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தில், இந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆட்டோக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சவாரி இல்லாத நேரத்தில் வீட்டிலிருந்து ஆளுக்கொரு மஞ்சப்பை கொண்டுவந்து, வரிசையாக என் கடை வாசலில் கிரிவலம் போனார்கள். ஒருத்தர் மெதுவாக நடந்தார், ஒருத்தர் வேண்டுமென்றே பையை ஆட்டிக்கொண்டு நடந்தார், ஒருத்தர் பைக்குள் பிஸ்கட் உறையைச் சலசலக்க வைத்தார். குட்டி பையைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். கை உயரும், உட்காரும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்து, கடைசியில் பை அதன் மூக்கை உரசிக்கொண்டு போனாலும் உட்கார்ந்தபடியே இருந்தது. உடம்பு நடுங்கும், வாயில் நீர் ஒழுகும், ஆனால் பின்பக்கம் தரையை விட்டு எழாது. ஒரு குட்டி ஜீவன் எனக்காக இவ்வளவு பாடுபடுகிறதே என்று இருக்கும்.

நாங்கள் நடத்துகிற பள்ளிக்கூடத்தைக் கெடுக்க அசல் பக்தர்கள் தினமும் வந்தார்கள். எங்கள் பாதையில் பௌர்ணமி இல்லாத நாளிலும் நாலு பேர் நடந்துகொண்டுதான் இருப்பார்கள். பிஸ்கட்டை உயரத் தூக்கிக் காட்டிக் குட்டியை எகிற வைக்கப் பார்ப்பார்கள். பழைய நானாக இருந்தால் அவர்களை மலையைச் சுற்றி ஓட விட்டிருப்பேன். இப்போது, "சாமி, அது உக்காந்தப்புறம் குடுங்க, புண்ணியம் ஒண்ணும் கொறையாது" என்று பக்குவமாகச் சொன்னேன். கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்காத ஒரு குடும்பத்திடம் பௌர்ணமிக்கு முந்தின நாள் குட்டி எகிறிப் பிஸ்கட் வாங்கித் தின்றுவிட்டது. அதை மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா பார்த்தார். உடனே உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமி அன்று நான் பரீட்சை வைக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டேன். குட்டியைக் கடைக்கு உள்பக்கம், மாவு டிரம் பக்கத்தில் கட்டிப்போட்டேன். எப்படியாவது அந்த அம்மா தாண்டிப் போகட்டும், அடுத்த மாதத்துக்குள் இன்னும் நன்றாகப் பழக்கிவிடலாம் என்று கணக்கு. பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் ரோடு நிறைய நகர ஆரம்பித்தது. எதிர்க் கடை ஒலிபெருக்கியில் பாட்டு, அன்னதானப் பந்தலில் மைக், ரோடு முழுக்க அரோகரா. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. நான் தோசைக்கல் முன்னால், என் வீட்டுக்காரர் காசு வாங்குகிற இடத்தில்.

வெளியூர் அம்மா ஒருவர் கை கழுவ உள்ளே வந்தார். திரும்பும்போது குட்டி முன்னால் நின்றுவிட்டார். "ஐயோ, பௌர்ணமியும் அதுவுமா பைரவரக் கட்டிப் போட்டிருக்கீங்களே! பாவம் இல்லீங்களா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். "அவுக்காதீங்க!" என்று நான் போட்ட கத்தல் கூட்டத்து அரோகராவில் கரைந்துபோனது. ஊர் முழுக்கப் பேர் வாங்கின என் குரல், தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் முடிச்சை அவிழ்த்து, கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். குட்டி என் காலுக்கு நடுவே புகுந்து வாசலுக்குப் பறந்தது.

அங்கே வீட்டுக்காரம்மா வந்துகொண்டிருந்தார். வெறுங்கால், வாய் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது, தோளில் மஞ்சப்பை. குட்டி அவரைப் பார்த்துவிட்டது. அவரும் குட்டியைப் பார்த்துவிட்டார். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆனால் கால் நிற்கவில்லை, நடந்துகொண்டேதான் இருந்தார். நான் தோசைக்கல்லை விட்டு வெளியே ஓடிவந்தேன். நடுவில் பெஞ்சு, பெஞ்சில் ஆட்கள். ஓடிப் பிடிக்க முடியாது, கூப்பிட்டால் கேட்காது. இந்த நாயை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பைக்கு ஓரடி முன்னால் குட்டி நின்றது. நின்று, தலையைத் திருப்பி என்னைத் தேடியது.

நான் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அதுவாகத் திரும்பிப் பார்த்தது.

கையைத் தூக்கினேன். விரல் இடுக்கெல்லாம் தோசை மாவு. அத்தனை தலைகளுக்கு நடுவே அது என் கையைக் கண்டுபிடித்துப் பார்த்து, நடு ரோட்டில், அந்த அம்மாவின் காலடியில், தொப்பென்று உட்கார்ந்தது.

கூட்டம் அதை இரண்டு பக்கமும் விலகிப் போனது. வீட்டுக்காரம்மாவின் புடவை அதன் மூக்கில் உரசியது. பை அதன் தலைக்கு மேலே கடந்தது. குட்டியின் கழுத்து மட்டும் பையோடு சேர்ந்து திரும்பியது, உடம்பு அசையவில்லை. அந்த அம்மா நிற்காமல், உட்காராமல், பேசாமல், மந்திரத்தை விடாமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

நான் பெஞ்சைத் தாண்டிக் குதித்தேன். இந்த வயதில் எப்படிக் குதித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. டப்பாவைத் திறந்து மல்லாட்டையை அப்படியே ரோட்டில் கொட்டி, குட்டியைக் கட்டிக்கொண்டு, "என் தங்கமே, என் ராசாத்தியே!" என்று கத்தினேன். அந்த ஒரு மாதத்துக் கத்தலையும் சேர்த்துக் கத்தினேன். ஆட்டோக்காரர்கள் விசில் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, "அரோகரா!" என்றார். ஏன் என்று தெரியாமலே கூட்டம் முழுக்கத் திருப்பிச் சொன்னது. கட்டை அவிழ்த்த அம்மா, "பாத்தீங்களா, அவுத்துவுட்டா எவ்ளோ சாந்தமா இருக்குது!" என்று எனக்கே பாடம் சொன்னார். அவர்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. கல்லில் நாலு தோசை கருகிப் புகைந்தது. கருகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் விடிந்தும் கூட்டம் ஓயவில்லை. வீட்டுக்காரம்மா சுற்றை முடித்துவிட்டு வந்து மாடிப்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் வாசலைப் பெருக்கியபடியே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நானாகப் போய்க் கேட்கவும் தைரியம் வரவில்லை.

அப்போது பேண்ட் சட்டை போட்ட ஒருத்தர் மஞ்சப்பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, குட்டியின் தலைக்கு மேலே ஆட்டி, "எகிறு, எகிறு!" என்றார். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. நான் வாடகை கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து அந்த அம்மா அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"யோவ்! எங்க வூட்டு நாயக் கெடுக்காத. அது உக்காரும். உக்காந்தப்புறம் குடு."

அந்த ஆள் கையைக் கீழே இறக்கினார். குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கையைத் தூக்க வரவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் இருந்த அம்மாதான் உள்ளங்கையை விரித்துத் தூக்கினார். குட்டி உட்கார்ந்தது.